இரவல் பிள்ளைகள்

பிள்ளைகள் வரத்து குறைந்த பள்ளிக்கூடங்களை மூடிவிடலாமா என்று அரசு யோசிப்பதாக இன்று காலைப் பத்திரிகையில் ஒரு செய்தி. நேரில் யாராவது போய்ப் பார்த்தார்களா, போன அன்று அந்த ஊரில் என்ன அறுவடை நடந்தது என்பதெல்லாம் செய்தியில் இல்லை. ஆசிரியை வேலையிலேயே காலத்தைக் கழித்த எனக்கு, அதைப் படித்ததும் ஒரு வில்வண்டிதான் நினைவுக்கு வந்தது.

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். உசிலம்பட்டிக்கு மேற்கே எங்கள் ஊர்ப் பள்ளியில் அப்பா வாத்தியார். அடுத்த ஊர்ப் பள்ளியில் சித்தப்பா வாத்தியார். இரண்டும் தனியார் தொடங்கி, சர்க்கார் கொடுக்கும் கிராண்டுப் பணத்தில் ஓடிய பள்ளிகள். அந்தக் கிராண்டு வருவதும் நிற்பதும், இன்ஸ்பெக்டர் வருகிற அன்று தரையில் எத்தனை பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. எங்கள் ஊரில் கிணறுகள் இருந்தன. பிள்ளைகளும் ஓரளவு வந்தார்கள். சித்தப்பாவின் ஊர் முழுக்க மானாவாரிக் கரிசல். பருத்தி வெடித்துவிட்டால், காய்க்குக் கை எட்டுகிற பிள்ளையெல்லாம் காட்டில்தான் இருக்கும்.

அந்த வருஷம் இன்ஸ்பெக்டர் பருத்தி வெடித்த நேரமாகப் பார்த்து வந்தார். முதலில் அப்பாவின் பள்ளி. என்னை ஒரு பாட்டுப் பாடச் சொன்னார். பாடி முடித்ததும், "நல்ல குரல்" என்றார். அன்று சாயங்காலம் சித்தப்பா வீட்டுக்கு வந்தபோது அவர் முகம் சரியில்லை.

"அண்ணே, நாளைக்கு எனக்கு வாரார். காட்டுக்காடா போய்க் கூப்பிட்டுப் பாத்துட்டேன். ஒருத்தரும் பிள்ளைய விடமாட்டேங்குறாக."

"உங்க பள்ளிக்கூட மேனேஜர் என்ன சொல்றாரு?"

"கிராண்டு நின்னா கொட்டகையில பருத்தி அடைக்கப் போறாராம். எனக்குப் பொழைக்கப் போகக் கொழும்புதான்."

சித்திக்கு அது தலைப்பிள்ளை, நிறைமாசம். அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"கல்யாண வீட்டுக்கு அண்டா குண்டானெல்லாம் இரவல் குடுக்கோம்ல. பிள்ளைகளைக் குடுத்தா தேஞ்சா போகும்?"

உண்மையே பேச வேண்டும் என்று எங்கள் சிலேட்டில் எழுதிப் பழக்கியவர் அப்பா. அவரே, விடிந்ததும் எங்களை ஏற்றிப்போக வண்டியைப் பூட்டச் சொல்லி ஆள் அனுப்பினார்.

அப்படிப் பிள்ளைகளை இரவல் அனுப்புவது அந்தப் பக்கத்துப் பள்ளிகளில் புதிதல்ல என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். மறுநாள் காலை அம்மா என் இரட்டைச் சடையை அவிழ்த்து, எண்ணெயை வழிய வழியத் தேய்த்து, கொண்டை போட்டுவிட்டாள். இப்போது என்னை யாருக்கும் அடையாளம் தெரியாதாம். சித்தப்பாவின் கொட்டகையில் காட்டுக்குப் போன பிள்ளைகளின் பெயர்களை எங்களுக்குக் கொடுக்கும் படலம் நடந்தது.

"ஏத்தா, நீ பேச்சியம்மா. யாரு கேட்டாலும் பேச்சியம்மா. மாத்திச் சொல்லிராத."

எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் தனக்கு வந்த பெயர் பிடிக்கவில்லை என்று சிணுங்கினான். "பேரு என்னடா கத்திரிக்காயா, பொறுக்கி எடுக்க? குடுத்ததை வச்சுக்க" என்றார் சித்தப்பா.

இன்ஸ்பெக்டர் வில்வண்டியில் வந்து இறங்கினார். கோட்டும் தலைப்பாகையும் குடையுமாக ஒல்லியான மனிதர். எங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், என்னிடம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, பெயர் கூப்பிடச் சொன்னார்.

"பேச்சியம்மா."

"உள்ளேன் ஐயா" என்றேன்.

"உள்ளேன் ஐயா" என்று வாசலிலிருந்தும் ஒரு குரல் வந்தது.

மடி நிறையப் பருத்தி, இடுப்பில் தண்ணீர்க் குடம், என் வயதில் ஒரு பெண். காட்டில் இருந்தவர்களுக்குத் தண்ணீர் எடுக்க வந்தவள், தன் பெயரைக் கேட்டதும் பழக்கத்தில் பதில் சொல்லிவிட்டாள்.

"இந்த ஊர்ல ரெண்டு பேச்சியம்மாவா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இல்லைங்க. நான் ஒருத்திதான்." அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இது யாரு, என் பேரைச் சொல்லுது?"

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "உன் பேர் என்னம்மா?"

"பேச்சியம்மா" என்றேன். சொல்லிக் கொடுத்ததை நான் விடுவதாக இல்லை.

"ரொம்ப நல்லது" என்றவர், வாசலில் நின்றவளை உள்ளே கூப்பிட்டார். "ஏன் பள்ளிக்கூடம் வரலை?"

"பருத்தி எடுக்க ஆளில்லைங்க. அண்ணன் பட்டாளத்துக்குப் போயிருச்சு."

போர்டில் எழுதியிருந்ததைப் படிக்கச் சொன்னார். குடத்தை இறக்காமலேயே, திக்கித் திக்கி, முழுக்கப் படித்தாள். படித்த கையோடு சித்தப்பா பக்கம் திரும்பினாள். "சார், அந்த ராசா கதைய நான் வாரதுக்குள்ள முடிச்சுராதீக. இம்புட்டுத்தான் கேட்டிருக்கேன்."

சித்தப்பா தலையை ஆட்டினார்.

"நீ எப்ப வருவ?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பருத்தி முடிஞ்சு, மாசிப்பச்சைக்குச் சாமி கும்பிட்டதும் வாரேன்."

"மத்த பிள்ளைகளும் அப்ப வருமா?"

"எல்லாம் வரும். கதை கெடக்குல்ல."

அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

"நானும் மாசிப்பச்சை கழிச்சு வாரேன், வாத்தியாரே. இன்னைக்கு வழியில என் வண்டி அச்சு ஒடிஞ்சுபோச்சு. நான் இங்க வரவே இல்லை."

சித்தப்பா சுவர்ப் பக்கம் திரும்பி, துண்டால் முகத்தைத் துடைத்தார். பேச்சியம்மா தண்ணீர் சிந்திக்கொண்டே காட்டுக்குப் போய்விட்டாள்.

சொன்னபடியே அவர் மாசிப்பச்சைத் திருவிழா கழிந்து வந்தார். கொட்டகையில் அந்த ஊர்ப் பிள்ளைகள் உட்கார இடமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். கிராண்டு நிலைத்தது, கொழும்புப் பேச்சு அதோடு ஓய்ந்தது. சித்தப்பா அதே பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். நானும் இந்த வேலைக்கு வந்து, மேலதிகாரிகள் பலரை எதிரில் உட்கார வைத்துப் பதில் சொன்ன பிறகுதான், அந்த மனிதர் செய்ததன் அளவு எனக்குப் புரிந்தது. நடந்ததை அப்படியே எழுதியிருந்தால் மேலிடத்தில் அவருக்கு நல்ல பெயர் கிடைத்திருக்கும். எழுதாமல் விட்டதற்கு யாராவது விளக்கம் கேட்டிருந்தால், அச்சு ஒடியாத ஒரு நல்ல வண்டியைத் தவிர அவரிடம் காட்ட ஒன்றும் இருந்திருக்காது. எங்கள் குடும்பத்தில் அவர் பெயர்கூட யாருக்கும் நினைவில்லை. எல்லாரும் 'அந்தப் புண்ணியவான்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

அன்று எனக்கு அதெல்லாம் தெரியாது. இரண்டாவது நாளும் பாடச் சொல்வார் என்று காத்திருந்து ஏமாந்த வருத்தம் ஒரு பக்கம். அச்சு ஒடிந்த வண்டி எப்படி இருக்கும் என்று பார்க்கிற ஆசை இன்னொரு பக்கம். அவர் ஏறுவதற்குள் வெளியே ஓடிப்போய், குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தேன். அச்சு முழுசாக இருந்தது. அவருக்கு யாரோ தப்பாகச் சொல்லிவிட்டார்கள் என்று நினைத்தேன். வண்டி நகர்ந்ததும் புழுதியில் பின்னாலேயே ஓடினேன்.

"ஐயா, அச்சு ஒடியலை. நல்லாத்தான் இருக்கு."

அவர் வண்டிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். "ஒடிஞ்சிரும்மா. உசிலம்பட்டி போறதுக்குள்ள ஒடிஞ்சிரும்."

வண்டிக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் குரல் நல்ல குரல் என்று சொன்ன ஒரே ஆள், ஆளில்லாத கரிசல் காட்டில் அச்சு முறிந்து நிற்கப் போகிறார். அது தெரிந்தும் அந்த வண்டியிலேயே போகிறாரே என்றிருந்தது. சாயங்காலம் வீட்டில் விளக்கேற்றியதும், யாரும் சொல்லாமல் நானே போய்க் கண்ணை மூடி நின்றேன். அந்த அச்சு ஒடியக் கூடாது என்று சாமியிடம் கேட்டுக்கொண்டேன்.