கதவைச் சாத்தி வாங்கிய கையெழுத்து

எங்கள் ஊர் ஒயின் ஷாப் மூடப்படாமல் போனதற்குக் காரணம் நான்தான். நடந்தது இது:

1. தொண்ணூறுகளின் கடைசி. ஆத்தூர்ப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில், அந்தக் கடையை மூடச் சொல்லி கலெக்டருக்கு மனு எழுதினார்கள்.

2. ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச் சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் பக்கக் கதவுகளைப் பூட்டினார். தலைவாசலில் மேசை போட்டார். கையெழுத்துப் போட்டவர்தான் வெளியே போகலாம்.

3. நானும் போட்டேன்.

4. விசாரிக்க வந்த அதிகாரி ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "இஷ்டப்பட்டுத்தானம்மா போட்டீங்க?" என்று கேட்டார். "இல்ல சார். கதவச் சாத்தி வாங்குனாங்க" என்றேன்.

5. கட்டாயப்படுத்தி வாங்கிய கையெழுத்து என்று மனு தள்ளுபடி ஆனது.

நான் பொய் சொன்னேனா? இல்லையே! பிறகு ஏன் இத்தனை வருடம் இதை மறைத்தேன்...

அந்த மனுவுக்காக வீடு வீடாக நடந்தவள் என் அக்கா லூர்து. அவள் புருஷன் அந்தோணி லாரி டிரைவர், குடித்தால் அடிப்பவர். அன்று அவரும் வரிசையில் நின்றார். பேனாவை வாங்கிக்கொண்டு, "சாயங்காலம் வரைக்குமாச்சும் தொறந்திருக்குமா உபதேசியாரே?" என்றார். கோயிலே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை.

எனக்கு அடுத்து நின்ற கிழவர் நழுவப் பார்த்தார். "எங்கப்பு போறீரு? போட்டுட்டுப் போம். சாமி காரியம்!" என்று உபதேசியார் மறித்தார்.

சாமி காரியமா அது?

நான் டிப்ளமோ முடித்து, திண்டுக்கல்லில் யூபிஎஸ் பழுது பார்ப்பவள். என் அரசியல் எளிமையானது: ஒரு மனிதனின் விருப்பத்தில் அரசு கை வைக்கக் கூடாது. என் விசுவாசம் கிறிஸ்துவிடம். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்க முடியாது என்கிறீர்களா? ஏன் முடியாது! ஏதேன் தோட்டத்தில் கடவுள் தின்னக் கூடாதென்ற கனி மரத்தைச் சுற்றி வேலி போடவில்லை. சொத்தை விற்றுக் கொடு என்றதும் முகம் வாடித் திரும்பிப் போன பணக்கார வாலிபனை இயேசு கையைப் பிடித்து இழுக்கவில்லை. போக விட்டார். பூட்டிய கதவுக்குள் பிறக்கும் நல்லொழுக்கத்தைப் பரலோகத்தில் யார் மதிப்பார்கள்?

இப்போது அரசே கடை நடத்துகிறது. அதையும் நான் ஏற்கவில்லை. விற்கவும் வேண்டாம், விரட்டவும் வேண்டாம்!

ஆனால் இயேசு சொன்ன கதையில், வழியில் அடிபட்டுக் கிடந்தவனைப் பார்த்துவிட்டு விலகிப் போனார்களே, அவர்களும் தங்கள் சுதந்திரத்தில்தான் போனார்கள்... அதுவும் எனக்குத் தெரியும். பூசையில் அந்த இடம் வாசிக்கப்படும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

மனு தள்ளுபடியான அன்று அக்கா எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "நம்ம ஆளுகள்லயே எவளோ போட்டுக் குடுத்துருக்காடி. அவ நல்லாருப்பாளா?"

"விடுக்கா" என்றேன்.

"என்னத்த விட? அந்தாளு குடிச்சுப்புட்டு வந்தா அடி எனக்குத்தான விழுது, ஒனக்கா?"

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதிகாரியிடம் வந்த துணிச்சல் அக்காவிடம் எங்கே போனது?

அதே மழைக்காலத்தில் ஒரு நாள் அந்தோணி அடித்த அடியில் அவளுடைய இடது காது கேட்காமல் போயிற்று. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தவள் திரும்பிப் போகவே இல்லை.

சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் இதை நான் சொன்னது கிடையாது. உண்மை சொன்னதைப் பாவம் என்று சொல்ல மாட்டேன். நாளைக்கு அதே அதிகாரி வந்து கேட்டாலும் அதே பதில்தான்! மறைத்தது பாவமா என்று கேளுங்கள்... அதற்கு மட்டும் வேறு பேச்சை எடுப்பேன்.

கடை இருக்கிறது. நான் நற்கருணை வாங்குகிறேன். அக்காவிடம் பேசும்போது வலது பக்கம் போய் நிற்கிறேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.