அந்தம்மாவுக்காகப் போன ஆட்டம்

போன வருஷம் ஒரு பொம்பளை சொன்ன வார்த்தைக்காகத்தான் இந்த வருஷம் நான் கரையான்சாவடி வரைக்கும் போய் ஆட்டம் பார்த்தேன். ஆட்டத்துக்காகவும்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதல் காரணம் அந்த அம்மா.

என் தங்கச்சி மகள் காலேஜில் சாஃப்ட்பால் ஆடுகிறாள். தங்கச்சி வீட்டுக்காரர் தவறிய பிறகு நாங்கள் மூன்று பேரும் திருமுல்லைவாயிலில் ஒரே வீட்டில் இருக்கிறோம். தங்கச்சி அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்பெனி வேலைக்குப் போகிறவள். நினைத்த நாளில் லீவு கிடைக்காது. அதனால் பெண் எங்கே ஆடினாலும் கூடப் போவது நான்தான். முதலில் துணைக்கு என்று போனேன். அப்புறம் எனக்கே பைத்தியம் பிடித்துவிட்டது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பந்து மஞ்சளாக, சாத்துக்குடியை விடப் பெரிதாக இருக்கும். மெத்தென்று இருக்குமாக்கும் என்று நினைத்தால் தப்பு, தலையில் பட்டால் பேச்சு நின்றுவிடும். பந்து போடுகிறவள் ஒரு வட்டத்துக்குள் நின்று, கையை ஒரு முழுச் சுற்று சுற்றி, இடுப்புக்குக் கீழேயிருந்து விடுவாள். மட்டைக்காரி அதை அடித்துவிட்டு ஓட வேண்டும். மூன்று மூலையில் மூன்று பேஸ். அதையெல்லாம் மிதித்துக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தால் ஒரு ரன். போடுகிறவளின் பந்து மட்டைக்காரியின் உடம்பில் பட்டுவிட்டால், பட்டவள் ஓடக்கூட வேண்டாம், முதல் பேஸுக்குச் சும்மா நடந்து போகலாம், வேண்டுமென்றே நின்று வாங்கினால் மட்டும் கிடையாது. அடிபட்டதற்குக் கூலி என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அப்படி ஒரு அடிதான் போன வருஷம் எங்கள் ஊரில் நடந்த ஆட்டத்தில் எங்கள் பெண்ணுக்குப் பட்டது. எதிர் காலேஜில் ஒரு நெட்டைப் பெண் பந்து போட்டாள். அது இடது முழங்கையில் வந்து விழுந்தது. எலும்பில் விரிசல். பெண் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு முன்னால் சேரில் இருந்த ஒரு அம்மா, அந்த நெட்டையின் அம்மா, பக்கத்துச் சேர்க்காரியிடம் சொன்னாள்: "பந்து வந்தா நவுரத் தெரியல. இதுங்கல்லாம் இன்னாத்துக்கு மட்டையத் தூக்கிகினு வருதுங்க? ஊட்ல பத்துப் பாத்திரம் தேய்க்கலாம்." இரண்டு பேரும் சிரித்தார்கள்.

திருப்பிக் கேட்க நேரம் இல்லை. பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருந்தது. மாவுக்கட்டுப் போட்ட கையோடு அவள் வீட்டில் கிடந்தபோது நான்தான் தலை வாரிவிட்டேன், சோறு பிசைந்து வைத்தேன். ஒவ்வொரு தடவையும் அந்தச் சிரிப்பு என் காதில் கேட்டது. யாரிடமும் நான் ஒரு சொல் வாங்கிக்கொண்டு சும்மா வந்தவள் இல்லை. நெல் அறுத்த காலத்திலும் இல்லை, நிலமெல்லாம் பிளாட்டாகிப் போன பிறகும் இல்லை. அந்த அம்மாவிடம் மட்டும் வாங்கியது அப்படியே இருந்தது.

இந்த வருஷம் அதே இரண்டு காலேஜுக்கும் ஆட்டம் என்று தெரிந்ததும் பெண் என்னிடம் வந்தாள்.

"பெரிம்மா, நீ வரலாம். ஆனா வாயத் தொறக்கக் கூடாது. சண்டை கிண்டை போட்டியானா எங்க மேடம் என்னைத்தான் திட்டும்."

"நான் இன்னாத்துக்குடி சண்டை போடப் போறேன்?"

"உன் மூஞ்சப் பாத்தாலே தெரியுது."

சரி என்று தலையாட்டினேன். வாயைத்தான் சொன்னாள். கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஆவடி போய் பூந்தமல்லி பஸ் ஏறி, கரையான்சாவடியில் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோ. பெண் விடிந்ததுமே டீமோடு போய்விட்டாள். நான் புளிச்சோறு கட்டிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு, நிதானமாகப் போய்ச் சேர்ந்தேன். ஷாமியானாவுக்குக் கீழே பிளாஸ்டிக் சேர் போட்டிருந்தார்கள். அந்த அம்மா முன் வரிசையில் இருந்தாள். அதே மூக்குத்தி, அதே பருத்த கழுத்து. ஒரு வருஷமாக நான் தினம் பார்த்த மூஞ்சி. நான் அவள் எதிரில் போய் நின்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, பக்கத்துச் சேரில் இருந்த பையை எடுத்துக் கீழே வைத்தாள். "உக்காருங்கம்மா. வெயில்ல நிக்காதீங்க" என்றாள்.

என்னைத் தெரியவில்லை அவளுக்கு. அது எனக்கு அந்தச் சிரிப்பை விட அதிகமாக எரிந்தது.

உட்கார்ந்தேன். மோர் பாக்கெட் ஒன்று நீட்டினாள், வேண்டாம் என்றேன். "உங்க பொண்ணு யாரு ஆடுறது?" என்று கேட்டாள். "சும்மா பாக்க வந்தேன்" என்றேன். அவளாகவே பேசினாள். வானகரத்தில் வீடாம், வீட்டுக்காரர் ஏதோ பைப் கடை வைத்திருக்கிறாராம். "அதோ நிக்குது பாருங்க, உயரமா, அது என் பொண்ணு. அது பந்து போட்டா ஒருத்தியும் தொட மாட்டா."

அது என்னவோ உண்மைதான். எங்கள் பெண் முதல் தடவை மட்டை பிடித்தபோது மூன்று பந்து போனது, மூன்றும் காற்றில்தான் வீசினாள். அவுட். அந்த அம்மா "ஐயோ பாவம்" என்றாள். பாவமாம். நான் குடைக் காம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வேறு ஒரு குட்டிப் பெண் எப்படியோ அடித்து ஓடி எங்களுக்கு ஒரு ரன் எடுத்தாள். அவர்களுக்கு ஒன்றும் இல்லை. எங்கள் பெண்ணும் பந்து போடுகிறவள்தான், அவளும் அவர்களை விடவில்லை.

ஆனாலும் எனக்கு ஒரு நினைப்பு. நெட்டை பந்து போடும்போதெல்லாம் எங்கள் பெண் இடது கையைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டாள். பயம். அந்த நெட்டையின் கண் எங்கள் பெண்மேல் விழுந்து கிடக்கிறது என்று தோன்றியது. எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. யார் கண் பட்டதோ அவர்களுடைய காலடி மண்ணை எடுத்து, மிளகாய், உப்போடு சேர்த்து, பட்டவர்களுக்குச் சுற்றி நெருப்பில் போடுவோம். கண் எரிந்துபோகும். கண் வைத்தவர்களின் கொட்டமும் அதோடு அடங்கும் என்று எங்கள் அம்மா சொல்லும். எடுத்த மண்ணை வழியில் சிந்தக் கூடாது, அதுதான் முக்கியம்.

தண்ணி குடிக்க ஆட்டத்தை நிறுத்தினார்கள். நான் குடையை விரித்துக்கொண்டு மைதானத்துக்குள் நடந்தேன். நெட்டை நிற்கிற வட்டத்தில், அவள் கால் இழுத்துப் பள்ளம் பறித்த இடத்தில் குனிந்து ஒரு கைப்பிடி அள்ளி முந்தானையில் முடிந்தேன். அம்பயர் விசில் ஊதினார். "பாட்டி, இன்னா அங்க?" என்று சத்தம் போட்டார்.

"தோட்டுத் திருகாணி உயுந்துட்ச்சிபா" என்றேன்.

நான் கேட்கவில்லை, அந்த நெட்டையே ஓடி வந்தாள். "இருங்க பாட்டி, நான் தேடுறேன்" என்று முட்டி போட்டு மண்ணை விரலால் அலசினாள். வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. நல்ல பெண்ணாக இருக்கிறாளே என்று எனக்கு மனசு இளகியதாக எழுதினால் அது பொய். அவள் என் காலடியில் குனிந்து தேடியது எனக்குப் பிடித்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் தேடட்டும் என்று நின்றேன். அப்புறம், "போனாப் போகுது, கவரிங்தான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன்.

சேரில் உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்குள் ஆட்டம் தொடங்கியது. இந்தத் தடவை பந்து போடுகிற முறை எங்களுடையது. எங்கள் பெண் நேராக நடந்து போய் அதே வட்டத்தில், நான் மண் அள்ளிய அதே பள்ளத்தில் காலை வைத்துத் தேய்த்து நின்றாள்.

இரண்டு பேரும் மாறி மாறி ஒரே வட்டத்தில் நிற்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? இத்தனை ஆட்டம் பார்த்தவள். ஆத்திரத்தில் அது தோன்றவே இல்லை. இப்போது என் முந்தானையில் இருப்பது நெட்டையின் காலடியா, எங்கள் பெண்ணின் காலடியா? இதை நெருப்பில் போட்டால் யாருடைய கொட்டம் அடங்கும்?

நான் பயந்தபடியே ஆயிற்று. எங்கள் பெண்ணின் கை கோணியது. பந்து உயரப் போனது, தரையில் குத்தியது. நாலு பந்து அப்படித் தப்பினால் மட்டைக்காரிக்கு முதல் பேஸ் இனாம், ஒருத்தி சும்மாவே நடந்தாள். அடுத்தவள் ஓங்கி அடித்தாள். நடந்தவள் சுற்றி வந்துவிட்டாள். ஆளுக்கு ஒரு ரன். பக்கத்தில் அந்த அம்மா கை தட்டினாள்.

மண்ணைச் சுமந்துகொண்டு உட்கார முடியவில்லை, சிந்தவும் பயம். வீட்டுக்குக் கொண்டுபோகவும் தைரியம் இல்லை. கடைசியில் குடையை எடுப்பது போலக் குனிந்து, முடிச்சை அவிழ்த்து, அந்த அம்மாவின் சேருக்குக் கீழே, அவள் செருப்புக்கு நடுவில் அவ்வளவையும் கொட்டினேன். யாருடையதாக இருந்தாலும் அவளே வைத்துக்கொள்ளட்டும். அவள் கவனிக்கவில்லை, மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசி இன்னிங்ஸ். மட்டை எங்களுடையது. ஒரு ரன் வந்தால் ஆட்டம் எங்களுடையது. மூன்று பேஸிலும் எங்கள் பெண்கள் நின்றுவிட்டார்கள். நடுவில் இரண்டு பேர் அவுட், மூன்றாவது ஆளும் அவுட்டானால் எங்கள் முறை முடிந்தது. அடுத்து மட்டையோடு வந்தது எங்கள் பெண்.

ஹெல்மெட்டுக்குள் அவள் முகம் தெரியவில்லை. முதல் பந்து, வீசினாள், படவில்லை. இரண்டாவதும் அப்படியே. இன்னும் ஒன்று தவறினால் முடிந்தது. அந்த அம்மா என் தொடையில் தட்டி, "பாத்துகினே இருங்க, அடுத்தது முடிஞ்சிது" என்றாள்.

நெட்டை கையைச் சுற்றினாள். பந்து உள்ளே திரும்பி எங்கள் பெண்ணை நோக்கி வந்தது. எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. எங்கள் பெண்ணுக்கு என்னை விட நன்றாகத் தெரிந்திருக்கும். இந்தத் தடவை அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. முழங்கைக்கு மேலே, சதையில், ஈரத்துணியைக் கல்லில் அடித்த மாதிரி சத்தம் கேட்டது.

அம்பயர் கையைத் தூக்கி ஆட்டத்தை நிறுத்தினார். எங்கள் பெண் மட்டையைக் கீழே வைத்துவிட்டு முதல் பேஸுக்கு நடந்தாள். ஓடவில்லை, நடந்தாள். அவளுக்கு இடம் விட மற்றவர்கள் ஒவ்வொரு பேஸாக நகர்ந்தார்கள். மூன்றாவதில் நின்றவள் புறப்பட்ட இடத்துக்கு வந்து மிதித்தாள், ஒரு ரன். ஆட்டம் முடிந்தது. ஜெயித்தது நாங்கள்.

அந்த அம்மா எழுந்துவிட்டாள். "வேணும்னே நின்னா சார், நவுரவே இல்ல, எல்லாரும் பாத்தாங்க" என்று கத்தினாள். அம்பயர் திரும்பக்கூட இல்லை. நெட்டை ஐஸ் பையோடு ஓடி எங்கள் பெண்ணிடம் போனாள். இரண்டு பேரும் ஷாமியானா பக்கம் வந்தார்கள். எங்கள் பெண் என்னைப் பார்த்து, "பெரிம்மா, அந்தத் தண்ணிய எடு" என்றாள்.

அந்த அம்மா என்னைப் பார்த்தாள். "நீங்க இவங்க ஊட்டு ஆளா? சொல்லவே இல்லியே. எங்கியோ பாத்தா மாதிரி கீது."

"போன வருஷம் எங்க ஊர்ல உங்க பின்னாடிதான் நின்னுகினு இருந்தேன்."

"அப்டியா?"

அவளுக்கு நினைவே இல்லை. நடிக்கவில்லை, நிஜமாகவே இல்லை. அப்போது நான் பெண்ணுக்குக் கொடுத்த வாக்கை விட்டேன். சத்தம் போடவில்லை. அவள் சொன்னதை, சொன்னபடியே, ஒரு எழுத்து கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். நவுரத் தெரியாதது, மட்டை, பத்துப் பாத்திரம், அப்புறம் சிரித்தது எல்லாம். சுற்றி இருந்த அம்மாமார்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நெட்டை தன் அம்மாவைப் பார்த்தாள். "அப்டி சொன்னியாம்மா?"

"எவளோ சொல்லியிருப்பா" என்றாள் அந்த அம்மா.

"நீ சொல்லுவ" என்றாள் மகள். "ஊட்ல என்னையே சொல்ற."

அந்த அம்மாவின் கழுத்து சிவந்தது. பையை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வண்டி நிறுத்துகிற பக்கம் போனாள். நெட்டை அவள் பின்னால் போகவில்லை. ஐஸ் பையை எங்கள் பெண்ணின் கையில் அழுத்திப் பிடித்தபடியே நின்றாள். எனக்கு வயிறு நிறைந்தது. புளிச்சோற்றைத் திறக்கவே இல்லை.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் எங்கள் பெண்ணை உட்கார வைத்தேன். கை கத்திரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது.

"நவுந்திருக்கலாமேடி."

"நவுந்திருக்கலாம்."

"அம்பயருக்குத் தெரிஞ்சிருந்தா?"

"தெரியாத மாதிரி நிக்கக் கத்துக்கினேன் பெரிம்மா. கட்டு பிரிச்ச நாள்லருந்து."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். என் மூஞ்சியைத்தான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். ஆவடி வரும் வரைக்கும் அவள் அந்தக் கையைத் தூக்கவில்லை. சாயங்காலம் தங்கச்சி வந்து கையைப் பார்த்து என்னைத்தான் கேட்பாள். கேட்கட்டும்.