குழை தொங்கிய மரமும் கொப்பியோடு போன நானும்

முன்பின் தெரியாதவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "உங்களைப் பற்றிக் கொஞ்சம் எழுத வந்திருக்கிறேன்" என்று வெட்கமில்லாமல் சொல்வதற்குச் சம்பளம் தருகிற தொழில் எங்களுடையது. அதற்கு மானிடவியல் என்று பெரிய பேர் வைத்திருக்கிறார்கள். குடிசன மதிப்புக்குப் போனவர்கள், டெங்கு பார்க்கப் போனவர்கள், வாக்காளர் படிவத்தோடு வெயிலில் அலைந்தவர்கள் எல்லோரும் என் கூடப்பிறந்தவர்கள். நாய் துரத்திய கதையை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

எனக்கு ஊர் மருதமுனை. மூன்று வருசமாக ஒரு சின்ன ஊருக்குப் போய்வருகிறேன். கல்முனையில் பஸ் ஏறிப் பொத்துவிலில் இறங்கி, அலைச்சறுக்குப் பலகையோடு அலைகிற வெள்ளைக்காரர்களை அறுகம்பேயில் கடந்து, அதற்கும் அப்பால் ஓட்டோவில் குலுங்கிக்கொண்டு போனால் காட்டோரத்தில் அந்த ஊர் வரும். வேடர் வழிவந்தவர்கள், தமிழ் பேசுகிறவர்கள். தேன் எடுப்பார்கள், காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்வார்கள், மீன் பிடிப்பார்கள். அவர்களுடைய கதைகளையும் நிலத்தையும் சடங்குகளையும் எழுதுவது என் வேலை.

நான் போகத் தொடங்கிய வருசமே அவர்களுக்கு ஒரு இடி விழுந்தது. காட்டு எல்லையைப் புதிதாக அளந்தவர்கள் ஊருக்கும் குளத்துக்கும் நடுவில் கல் நட்டுவிட்டார்கள். வருசாந்தச் சடங்கு அந்தக் குளக்கரையில்தான் நடக்கும். கல் அப்படியே நின்றால் குளம் அரசாங்கக் காட்டோடு போய்விடும். சடங்கும் இல்லை, மீனும் இல்லை, பெண்கள் குளத்துச் சேற்றில் தோண்டுகிற ஒல்லிக் கிழங்கும் இல்லை. ஊர்த் தலைவர் நல்லதம்பியண்ணன் மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கு எழுதிப்போட்ட மனு ஒரு கட்டு சேர்ந்திருந்தது.

முதல் கேள்வி எனக்கு

முதல் நாள் நல்லதம்பியண்ணன் வீட்டு முற்றத்தில் கதிரை போட்டு உட்காரவைத்தார்கள். நான் மூன்று பக்கக் கேள்விப் பட்டியலை விரித்து, அவருடைய மனைவி செல்லம்மாக்காவிடம், "உங்கட குடி எது? அது தாய்வழியா, தகப்பன்வழியா?" என்று தொடங்கினேன். அவ வெற்றிலையை ஒதுக்கிவிட்டு, "எங்கட குடியச் சொல்றன். முதல்ல உங்கட குடியச் சொல்லுங்க" என்றா.

எங்கள் கரையோரத்து முஸ்லிம்களுக்கும் குடி என்கிற வம்சப் பிரிவு உண்டு. உம்மா வழியாகத்தான் வரும், பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்கு ஒரு மரைக்கார் இருப்பார். இதைப் பற்றி நான் பக்கம் பக்கமாக வாசித்திருக்கிறேன், பரீட்சையிலும் எழுதியிருக்கிறேன். என்னுடைய குடி எது என்று மட்டும் எனக்குத் தெரியாது. வேறு வழியில்லாமல் அந்த முற்றத்தில் வைத்தே உம்மாவுக்குப் போன் எடுத்தேன். குடியைக் கேட்டதும் உம்மா பதறிப்போய், "ஆருக்குக்கா கலியாணம் பேசுறாய்? எனக்கிட்ட ஒரு சொல்லுச் சொல்லாம?" என்று சத்தம் போட்டா. எங்கள் பக்கத்தில் குடியை வேறு எதற்கு விசாரிப்பார்கள்? விளங்கப்படுத்தி முடிய அரை மணித்தியாலம் போயிற்று. அதற்குள் உம்மா எங்கள் குடியை மட்டுமல்ல, அடுத்த தெருவில் யார் யார் என்ன குடி என்றும் ஒப்பித்துவிட்டா. போனிலிருந்து வந்த அவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த செல்லம்மாக்கா சொன்னா:

"நீங்க ஏன் மிஸ் வந்த நீங்க? உம்மாவ அனுப்பியிருக்கலாமே."

இருபத்தேழாம் பக்கம்

குளம் உண்டான கதையைக் கேட்டேன். ஏழு அண்ணன் தம்பிமார் தேனீக்குப் பின்னால் காடு காடாக வந்தார்களாம். கடைசித் தம்பிக்குத் தாகம் தாங்காமல் வில்லின் நுனியை நிலத்தில் ஊன்ற, தண்ணீர் பீறிட்டதாம். அதுதான் இந்தக் குளம். ஐந்து வீட்டில் கேட்டேன். ஐந்து பேரும் ஒரு சொல் மாறாமல் அப்படியே சொன்னார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வாய்மொழி மரபு இவ்வளவு சுத்தமாகப் பிழைத்திருக்கிறதே என்று அங்கிருந்தே என் பேராசிரியருக்குப் போன் போட்டுப் பெருமையடித்தேன்.

ஆறாவதாகக் கேட்டது நல்லதம்பியண்ணனிடம். அவர் எழுந்துபோய், பொலித்தீன் பையில் சுற்றிவைத்திருந்த பழைய புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். எனக்கு முன்னால் வந்த ஆய்வாளர் ஒருவர் எழுதியது. ஊர் முழுக்க அதைப் பாடமாக்கி வைத்திருந்தது. மெய்யாகவே வீட்டுக்கு வீடு வேறு வேறு கதை இருக்கிறது. பெண்கள் சொல்கிற கதையில் வில்லே கிடையாது, தங்கைக்காரி கிழங்கு தோண்டிய அலவாங்கால்தான் தண்ணீர் வந்தது. "பின்னே ஏன் ஒரே கதையைச் சொன்னீங்க?" என்று அழாக்குறையாகக் கேட்டேன்.

"முந்தி வந்தவர் ஆளுக்கொரு மாதிரிச் சொல்றீங்க எண்டு எங்களோட கோவிச்சிட்டார் மிஸ். உங்களுக்குக் கரச்சல் வேணா எண்டுதான், இருபத்தேழாம் பக்கத்த அப்படியே சொல்லச் சொன்னன்."

உள்ளே போகிற முறை

கல்லை நகர்த்த வேண்டுமானால் குளத்தைச் சுற்றியுள்ள ஒவ்வொரு இடத்துக்கும் பேரும் கதையும் உண்டு என்று காட்டவேண்டும். அதனால் செல்லம்மாக்காவோடு நடந்து ஒரு வரைபடம் போடத் தொடங்கினேன். காட்டுக்குள் நுழைகிற இடத்தில் ஒரு பாலை மரம் நிற்கிறது. அதன் தாழ்ந்த கொப்பில் ஒரு குழையை, அதாவது இலைக் கொத்தை, முறித்துத் தொங்கவிட்டுத்தான் யாரும் உள்ளே போவார்கள். உள்ளே முன்னோர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் சொல்லிக்கொண்டு போகவேண்டும். செல்லம்மாக்கா முறித்துத் தொங்கவிட்டா. நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். எனக்கு அது முறையில்லை, அவவைப் புண்படுத்தவும் மனமில்லை. என் முகத்தைப் பார்த்தே அவவுக்கு விளங்கிவிட்டது.

"நீங்க குழ முறிக்க வேணா மிஸ். ஒரு வீட்டுக்குள்ள போகக்குள்ள என்ன சொல்லுவீங்க? ஸலாம்தானே? அதச் சொல்லிட்டு வாங்க."

நான் செய்த பேருதவி

நான் போகத் தொடங்கி ஒன்றரை வருசம் கழித்துக் கச்சேரியிலிருந்து கடிதம் வந்தது. ஒரு உத்தியோகத்தர் நேரில் வந்து பார்ப்பார், குளத்துப் பக்கம் ஊரவர் காலங்காலமாகப் போய்வந்த அடையாளத்தைக் காட்டவேண்டும் என்று இருந்தது. அறிக்கைக்கு நல்ல படங்களும் வேண்டும் என்றார் பேராசிரியர். அவர் வருவதற்கு முதல் நாளே போய்விட்டேன். பாலை மரத்தைப் பார்த்தால், அந்தக் கொப்பு முழுக்கக் காய்ந்து சருகான குழைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடைந்து, ஒட்டறை பிடித்துக் கிடந்தன. படத்துக்கு லட்சணமாக இல்லை. நான் வீட்டில் பெருநாளுக்கு முதல் நாள் எப்படி வேலை செய்வேனோ அப்படியே இறங்கிவிட்டேன். காய்ந்ததையெல்லாம் பிடுங்கிக் காலால் மிதித்துப் பற்றைக்குள் தள்ளினேன். பச்சையாக நாலு குழை மிஞ்சியது. அழகான படம்.

அதைப் போனில் செல்லம்மாக்காவுக்குக் காட்டினேன். அவ பார்த்தா. திரும்பவும் பார்த்தா. பிறகு ஓட்டமும் நடையுமாக மரத்தடிக்குப் போனா. காலங்காலமாகப் போய்வந்த அடையாளம் என்று அந்த ஊரில் கண்ணால் காட்டக்கூடியது அந்தச் சருகுதான். அது இப்போது தூளாகிப் பற்றைக்குள் கிடந்தது. அதற்கு முன்னால் அந்த மரத்தை நான் ஒரு படமும் எடுத்திருக்கவில்லை. யா அல்லாஹ், நிலம் பிளந்து என்னை விழுங்கட்டும் என்று நின்றேன். யாரோ நூறு குழையைப் புதிதாக முறித்துத் தொங்கவிடலாமே என்றார்கள். செல்லம்மாக்கா ஒரேயடியாக மறுத்துவிட்டா, போகாத ஆளுக்குக் குழை முறிக்கிறது பொய் சொல்கிறது மாதிரியாம். என்னைப் பார்த்துக் கேட்டதை இந்த ஜென்மத்தில் மறக்கமாட்டேன்:

"ஒண்டர வருசமா எழுதினீங்களே மிஸ், எழுதினத ஒருநாளும் வாசிக்கல்லயா?"

ஜீப்பில் வந்தவர்கள்

உத்தியோகத்தர் மரியாதையான மனிசன். சிங்களத்தில்தான் பேசினார், நான் மொழிபெயர்த்தேன். வரைபடத்தை விரித்துப் பார்த்துவிட்டு, பேர்களை யாரும் எழுதலாமே என்றார். மரத்தடிக்கு வந்து, "நாலு குழைதானே இருக்கிறது?" என்றார். நான்தான் மற்றதைப் பிடுங்கினேன் என்று சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஒரு ஆய்வாளர் இப்படிச் செய்வாரா என்று அவர் நம்பவில்லை, அதற்கு நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். நல்லதம்பியண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

ஜீப்பைப் பூட்டிவிட்டுச் சாரதி பின்னால் வந்தார். மொனராகலைப் பக்கத்துக் காட்டோரச் சிங்கள ஆள், ஐம்பது தாண்டியிருக்கும். குழை முறிக்கவேண்டும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. வந்த மனிசன் செருப்பைக் கழற்றினார், ஒரு குழையை முறித்தார், அந்தக் கொப்பில் தொங்கவிட்டார், தலையைத் தாழ்த்திக்கொண்டு ஒதுங்கி நின்றார். உத்தியோகத்தருக்கு ஆச்சரியம். இங்கேதான் தொங்கவிடவேண்டும் என்று உனக்கு யார் சொன்னது என்று கேட்டார். சாரதி கொப்பைத் தொட்டுக் காட்டினார். அந்த இடத்தில் பட்டை தேய்ந்து, வழுவழுவென்று பள்ளம் விழுந்திருந்தது. எத்தனை தலைமுறையின் குழை உரசிய பள்ளமோ, அதை நான் பிடுங்கியிருக்க முடியாது. உத்தியோகத்தர் பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்தார், மூன்று படம் எடுத்தார், நின்ற நிலையிலேயே நிறைய எழுதினார். சாரதி சொன்னதை ஊரவருக்கு நான் மொழிபெயர்த்தேன்:

"ஆக்கள் இருக்கிற இடம், சேர். கேக்காம எப்பிடி உள்ளுக்குப் போற?"

சடங்குக்கு முதல் நாள்

கல் இப்போது குளத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. இந்த வருசச் சடங்குக்கு ஊரே குளக்கரையைத் துப்புரவாக்கியது. நானும் அபாயாவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு சந்தோசமாகக் கூட்டுவதற்குத் தும்புத்தடியை எடுத்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த நிம்மதி பட்டம் வாங்கிய அன்றுகூட இருந்ததில்லை. செல்லம்மாக்கா தூரத்திலிருந்தே கையைக் காட்டிக் கத்தினா, ஊர் முழுக்கச் சிரித்தது:

"எல்லாத்தையும் கூட்டுங்க மிஸ், அந்த மரத்தடிப் பக்கம் மட்டும் தலவச்சும் படுக்கப்படாது!"

ஆய்வுக்கு முடிவுரை எழுதித் தரச்சொல்லிப் பேராசிரியர் நெருக்குகிறார். கை எட்டுகிற தூரத்தில் எதையும் துப்புரவாக்காதீர்கள் என்பதைத் தவிர, நான் கண்டுபிடித்தது என்று எழுத எனக்கு வேறொன்றும் ஓடவில்லை.