சமாதானம் இல்லை என்ற ஆர்லீனா

மாவட்டத் தலைநகரில் அச்சடித்த சபை வரலாற்றில் எங்கள் கேனி ஓடைச் சபைக்கு நான்கே வரி. மரக்கட்டைச் சுவர், களிமண் பூச்சு, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி வாசல். கடைசி வரியில், போர் முடிந்து பல வருஷம் கழித்து, தொடர்ந்து மூன்று வருஷம் வெள்ளத்தால் திருவிருந்து நடக்கவில்லை என்று போட்டிருக்கிறது. வெள்ளமாம்! எழுதின புண்ணியவான் இந்த மலைப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். திருவிருந்தை நிறுத்தி வைத்தது ஆர்லீனா சைஸ்மோர் என்ற ஒரு விதவை. எங்கள் ஓடையில் அது தெரியாதவர் கிடையாது.

ஆர்லீனாவின் புருஷன் போருக்குப் போய்த் திரும்பவில்லை. செங்குத்தான சரிவில் மக்காச்சோளம் போட்டு, இரண்டு பன்றி வளர்த்து, ஒரே மகன் ஆன்சலை ஆளாக்கினாள். திருவிருந்துக்குப் புளிக்காத அப்பம் சுடுவதும் காட்டுத் திராட்சையில் ரசம் பிழிவதும் அவள் வேலை. வேறு யாரும் அந்த அப்பத்தைத் தொடக்கூட அவள் விட்டதில்லை.

ஆன்சல் பிடில் வாசிப்பான். எங்கள் சபையில் பிடில் என்றால் பிசாசின் பெட்டி. சோளம் உரிக்கும் கூட்டம் ஒன்றில் அவன் வாசித்து ஊரே ஆடியிருக்கிறது. வேலிக்கு வெளியே நின்று தன் காதால் கேட்டதாக, சபைக் காரியங்களைக் கவனிக்கும் டீக்கன் ஹைரம் கோம்ஸ் சபையில் குற்றம் சாட்டினார். மன்னிப்புக் கேள் என்றார்கள். கேட்க மாட்டேன் என்றான். விலக்கினார்கள். மறு வசந்தத்தில், வெள்ளத்தோடு வெட்டுமரங்களை ஆற்றில் தள்ளிவிடும் வேலைக்குப் போனவன் மரங்களுக்கு நடுவில் நசுங்கிச் செத்தான்.

மலையில் செத்த மறுநாளே புதைத்துவிடுவோம். போதகர் வைலி மாதம் ஒருமுறை கோவேறு கழுதையில் வருகிறவர். சாவுப் பிரசங்கம் பிறகு, சொந்தபந்தம் கூடுகிற காலத்தில் நடக்கும். அது நடக்கும்வரை செத்தவனை முழுசாக வழியனுப்பியதாக ஆகாது. ஆன்சலுக்கு அந்தப் பிரசங்கம் கிடையாது என்றது சபை. விலக்கப்பட்டவன் தானே வந்து மன்னிப்புக் கேட்டால்தான் திரும்பச் சேர்க்க முடியுமாம். குழிக்குள் இருப்பவன் எப்படி வருவான்?

திருவிருந்து வருஷத்துக்கு ஒருமுறைதான். அதற்கு முந்தின சனிக்கிழமை, சபைக்குள் சமாதானமா என்று போதகர் கேட்பார். ஒருவர் இல்லை என்றாலும் மறுநாள் அப்பமும் இல்லை, ஒருவர் காலை ஒருவர் கழுவுவதும் இல்லை. அந்த வருஷம் போதகர் கேட்டார். பெண்கள் பக்கத்திலிருந்து ஆர்லீனா எழுந்தாள்.

"இல்லீங்க. எம் மனசுல இல்ல."

அடுத்த வருஷமும் அதையே சொன்னாள். மூன்றாம் வருஷமும் அதுதான். ஒவ்வொரு தடவையும் அப்பத்தைச் சுட்டுத் துணியில் மூடிக் கொண்டுவருவாள், திரும்ப எடுத்துப்போய்க் கோழிக்குப் போடுவாள்.

"ஒரு வார்த்தை, ஒப்புக்காச்சும் சமாதானம்னு சொல்லிடுங்க சகோதரி" என்று ஹைரம் கெஞ்சிப் பார்த்தார்.

"கர்த்தரோட வீட்டுல பொய் சொல்லணும்கிறீங்களா டீக்கன்? அப்புறம் அதுக்கும் ஒரு குத்தம் சாட்டுவீங்களே!"

அவளை விலக்கவும் வழியில்லை. உண்மை சொன்னதற்கு எந்தச் சபை ஆளை விலக்கும்?

நான்காம் வசந்தத்தில் ஹைரத்தின் மனைவி டெல்ஃபியாவுக்கு நெஞ்சு நோய் முற்றிவிட்டது. ஆர்லீனாவும் அவளும் ஒரே நாளில், பனிக்கட்டியை உடைத்த ஓடையில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவர்கள். ஒரு நாள் டெல்ஃபியா மூச்சு வாங்க மேடேறி வந்து ஆர்லீனாவின் அடுப்படியில் உட்கார்ந்தாள்.

"அடுத்த வருஷத்துக்கு நான் இருக்க மாட்டேன்டி. ஒரு தடவை அந்த அப்பத்தைத் தின்னுட்டுப் போயிடறேனே. என் காலை நீ கழுவணும்."

"உனக்காகப் பொய் சொல்லவா?"

"உன்னை யாரு சொல்லச் சொன்னது? உண்மையைச் சொல்ல வேண்டிய மனுஷன் எங்க வீட்டுலல்ல இருக்காரு. அந்தச் சோளக் கூட்டத்தன்னிக்கு வந்து பூட்ஸைக் கழட்டுறப்போ எந்த மெட்டை முணுமுணுத்தாருன்னு எனக்குத் தெரியாதா?"

அவள் போனபின் ஆர்லீனா அழுதாள். ஆனாலும் மனசை மாற்றிக்கொள்ளவில்லை. பிடிவாதம் என்பார்கள் சிலர். எனக்கு அப்படித் தோன்றியதில்லை.

சனிக்கிழமை வந்தது. போதகர் வாயைத் திறக்கும் முன்பே ஹைரம் எழுந்துவிட்டார்.

"குத்தம் ஒண்ணு சாட்டணும். என் மேலதான். அன்னிக்கு வேலி ஓரம் நான் சும்மா நிக்கல. அந்தப் பிடிலுக்கு என் கால் தாளம் போட்டுச்சு. முடியிற வரைக்கும் நின்னு கேட்டேன். அந்த வெக்கத்துலதான் அந்தப் பையன் மேல குத்தம் சொன்னேன். அதை வாபஸ் வாங்கிக்கறேன். என்னை விலக்குறதுன்னா விலக்குங்க."

சாட்டியவரே திரும்ப எடுத்துக்கொண்டால் அந்தக் குற்றம் செல்லாது என்றார் போதகர். ஆன்சல் சபைப் பிள்ளை, நாளைக் காலை முதலில் அவனுக்குத்தான் பிரசங்கம் என்றார். மிச்சம் ஹைரம். மன்னிக்கிறவர்கள் வந்து கை கொடுக்க வேண்டும். ஒரு ஆள் கொடுக்காவிட்டாலும் அவர் வெளியே. எல்லாரும் போய்க் கொடுத்தார்கள். ஆர்லீனா மட்டும் பெஞ்சை விட்டு எழவில்லை. டெல்ஃபியா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் ஆர்லீனா உட்கார்ந்தபடியே கேட்டாள்.

"டீக்கன், முழுசும் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"நான் ஒரு நாளும் கேட்டதில்ல. வீட்டுல வாசிக்க விட்டதில்ல. எம் புள்ள நல்லா வாசிச்சானா?"

ஹைரம் அவள் பக்கம் திரும்பினார்.

"அப்படி ஒரு வாசிப்பை என் ஆயுசுல கேட்டதில்ல சகோதரி."

ஆர்லீனா எழுந்து, ஆண்கள் பக்கம் நடந்துபோய், அவருக்குக் கை கொடுத்தாள்.

"இப்பக் கேளுங்க போதகரே" என்றாள்.