கோட்டுக்குப் பக்கத்தில் வரும் இரண்டாவது ஆள்

இன்றைக்கும் யாராவது என் கணவரைப் பார்த்து, "உங்க வைஃப் ஃபுட்பால் எல்லாம் பாப்பாங்களா?" என்று கேட்டால் எனக்குச் சுள்ளென்று ஏறிவிடும். அவர் அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்துவிட்டு என் பக்கம் திரும்புவார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் பயம் இருக்கும். இருக்கட்டும். அதை நான் சும்மா சம்பாதிக்கவில்லை.

எண்பதுகளின் நடுவில் டெக்சஸில், இர்விங்கில் ஓர் அபார்ட்மென்டில் இருந்தோம். லாஸ் கொலினாஸில் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் அவருக்கு ஆபீஸ். நான் சென்னையில் ஸ்டாடிஸ்டிக்ஸில் எம்.எஸ்ஸி. முடித்து, ஒரு பெண்கள் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவள். கல்யாணமாகி அங்கே போனபோது என் பாஸ்போர்ட்டில் குத்திய விசாவுக்கு ஒரே அர்த்தம்தான்: நீ இவருடைய மனைவி, வேறு எதுவும் செய்யக் கூடாது. வேலைக்குப் போக அனுமதி இல்லை. கார் ஓட்டத் தெரியாது. கடைக்கு நடந்து போனால் போகிறவர்கள் காரை நிறுத்தி, வண்டி கெட்டுப்போய்விட்டதா, உதவி வேண்டுமா என்று கேட்பார்கள். வெட்கமாக இருக்கும். அதனால் நடப்பதையும் விட்டேன். மிஞ்சியது டிவி. அந்த ஊர் டிவியில் எதைத் திருப்பினாலும் ஃபுட்பால்.

இது காலால் உதைக்கிற ஃபுட்பால் இல்லை. பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எதிரே வருகிற தடியன்களை இடித்துத் தள்ளிக்கொண்டு, கடைசிக் கோட்டைத் தாண்ட வேண்டும். தாண்டினால் டச் டவுன். அப்படி இடுக்கிக்கொண்டு ஓடுவதற்கென்றே இருக்கிறவன் ரன்னிங் பேக். ஒவ்வொரு டீமிலும் பெயர் பெற்ற ஒருவன் இருப்பான். அவனுக்குப் பதிலாக இறங்க, பெஞ்சில் இரண்டாவதாக ஒருவன் உட்கார்ந்திருப்பான். முதலில் எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. ஆனால் பேப்பரில் திங்கட்கிழமைதோறும் யார் எத்தனை தடவை ஓடினான், எத்தனை டச் டவுன் போட்டான் என்று கட்டம் கட்டிப் போடுவார்கள். எண்களைப் பார்த்தால் என் கண் சும்மா இருக்காது. ஒரே சீசனில் ஆட்டம் பிடிபட்டுவிட்டது. சொல்லத்தான் ஆள் இல்லை.

அவர் ஆபீசில் ஃபேன்டசி ஃபுட்பால் என்று ஒன்று வைத்திருந்தார்கள். ஆகஸ்டில் ஒரு நாள் கான்ஃபரன்ஸ் அறையில் கூடி, நிஜ ஆட்டக்காரர்களை முறை வைத்து ஒருவர் ஒருவராக எடுத்துக்கொள்வார்கள். ஒருவர் எடுத்த ஆளை மற்றவர் தொட முடியாது. சீசன் தொடங்கியதும், நாம் எடுத்த ஆள் டச் டவுன் போட்டால் நமக்குப் புள்ளி. எவ்வளவு தூரம் ஓடினான் என்பதற்கெல்லாம் மதிப்பு கிடையாது. பேப்பரைப் பார்த்துப் புள்ளி கூட்டுவது, நரைத்த மீசை வைத்த ஒரு மூத்த இன்ஜினியர். அந்த வருஷம் ஓர் ஆள் குறைந்தது என்று மேனேஜர் என் கணவரைக் கூப்பிட்டுவிட்டார்.

"எனக்கு ஃபுட்பால்ல ஏ பி சி டி தெரியாதும்மா. ஆனா க்ரீன் கார்டுக்கு அவர்தான் சைன் பண்ணணும். அவர் கேட்டு எப்படி மாட்டேன்னு சொல்றது?" என்று வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்துக்கொண்டார். கையில் ஒரு பத்திரிகை. அதில் பெரிய பெரிய பெயர்களாக இருந்தன.

"அந்தப் பேரெல்லாம் ஆரம்பத்துலயே போயிடும். அப்புறம் நீங்க செகண்ட் ஆளா பாத்து எடுங்க," என்றேன்.

"செகண்ட் ஆளா? ட்வெல்த் மேன் மாதிரி தண்ணி தூக்கிட்டு வர்றவனையா? அவன் என்னம்மா ஸ்கோர் பண்ணுவான்?"

கிரிக்கெட்டிலேயே ஊறிய மூளை. கிரிக்கெட்டில் பன்னிரண்டாவது ஆள் தண்ணீர் கொண்டுவருவான், யாருக்காவது அடிபட்டால் ஃபீல்டிங் செய்வான், மட்டையைத் தொட மாட்டான். அந்த ஊரில் இருந்த நம் ஆட்கள் அத்தனை பேரும் இதே தப்பைத்தான் செய்வார்கள்.

"இது கிரிக்கெட் இல்லங்க. இங்க தண்ணி தூக்கறவனும் பேட் பண்ணலாம். எப்ப வேணா உள்ள வரலாம், எப்ப வேணா வெளிய போகலாம்," என்று உட்காரவைத்துச் சொன்னேன். பெயர் பெற்றவன் மைதானம் முழுக்க ஓடிக் களைத்துக் கோட்டுக்குப் பக்கத்தில் பந்தைக் கொண்டுவந்து வைப்பான். அங்கே கோச் அவனை வெளியே கூப்பிட்டுக்கொண்டு, குண்டாக இருக்கிற இரண்டாவது ஆளை உள்ளே அனுப்புவார். அவன் ஒரு முட்டு முட்டி விழுவான். டச் டவுன் அவன் பெயரில். சில டீம்களில் இது வாரா வாரம் நடந்தது. இன்னும் சில டீம்களில் பெயர் பெற்றவனுக்கு முழங்கால் ஏற்கெனவே தகராறு. பாதி சீசன் தாண்ட மாட்டான். அவனுக்குப் பின்னால் யார் என்று தெரிந்துகொள்ள ஆகஸ்டில் நடக்கிற பயிற்சி ஆட்டங்களைப் பார்க்க வேண்டும், அதுவும் பின்பாதியை. பெரிய ஆட்கள் தொப்பி போட்டுக்கொண்டு பெஞ்சில் அரட்டை அடிக்கிற நேரம் அது. ஊரே டிவியை அணைத்துவிடும். நான் அணைக்க மாட்டேன். எனக்குத்தான் வேறு வேலை இல்லையே.

மூன்று இரண்டாவது ஆட்களின் பெயரை வாய்ப்பாடு மாதிரி அவரை ஒப்பிக்கவைத்து அனுப்பினேன். மாலையில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தார். அவர் அந்தப் பெயர்களைச் சொன்னபோதெல்லாம் அறையே சிரித்ததாம். முதல் சில வாரங்கள் ஒன்றும் நடக்கவில்லை. "நீ சொன்ன ஆளு பெஞ்சுலயே ஒக்காந்துருக்கான்," என்று தினமும் குத்தல்.

அக்டோபரில் ஒரு பெரிய ஆளின் முழங்கால் போயிற்று. என் ஆள் உள்ளே வந்தான். அதற்குள் இன்னொரு டீமில் என் குண்டன் கோட்டுக்குப் பக்கத்தில் முட்டி முட்டிப் புள்ளி சேர்க்க ஆரம்பித்திருந்தான். என் கணவரின் பேச்சும் மாறிற்று. நீ சொன்ன ஆளு, நம்ம ஆளு ஆனான். டிசம்பரில் போனில் நண்பரிடம், "என் ஆளு நேத்திக்கு ரெண்டு போட்டான் பாரு!" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அப்போதே கேட்டிருக்கலாம். சந்தோஷமாக இருக்கிறார், போகட்டும் என்று விட்டேன்.

அவர்தான் ஜெயித்தார். அதாவது, அப்படித்தான் ஆபீசில் பேச்சு. ஜெயித்தவர் மேஜையில் ஒரு வருஷம் ஒரு கோப்பை இருக்கும், தோற்றவர் எல்லோருக்கும் பீட்சா வாங்கித் தருவார். அவர்கள் வழக்கம் அவ்வளவுதான். ஜெயித்தவனே வீட்டுக்குக் கூப்பிட்டு விருந்து போடுவது நம் ஆட்களுக்கு மட்டும்தான் தோன்றும். "எல்லாரையும் டின்னருக்குக் கூப்பிட்டுட்டேன்," என்றார். கூப்பிட்டது அவர். வடைக்கு ஊறவைத்து அரைத்தது, பிரியாணி கிளறியது, பாயசம் காய்ச்சியது யார் என்று சொல்ல வேண்டுமா?

எல்லோரும் வந்தார்கள். மேனேஜர் வடையைக் கையில் வைத்துக்கொண்டு, யாருக்குமே தெரியாத அந்த இரண்டாவது ஆட்களை எப்படிப் பிடித்தாய் என்று கேட்டார். இவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். எங்கள் ஊரில் நாங்கள் எண்களை ஆழமாகப் பார்ப்போம் என்று ஆரம்பித்து, சராசரி அது இது என்று என்னென்னவோ அளந்தார். அத்தனையும் தப்பு. கோட்டருகே ஆள் மாற்றுவதையும் சொல்லவில்லை, பயிற்சி ஆட்டத்தையும் சொல்லவில்லை. ஜெயித்ததன் காரணம்கூட அவருக்கு மறந்துபோயிருந்தது. வடைத் தட்டை மேஜையில் வைத்துவிட்டு, ஆங்கிலத்தில், நிறுத்தி நிதானமாக, கல்லூரியில் பாடம் எடுப்பது மாதிரி நான் சொன்னேன். எந்த கோச் எந்த இடத்தில் ஆளை மாற்றுகிறார், ஏன் மாற்றுகிறார், அந்த முழங்கால் ஆகஸ்டிலேயே எப்படித் தெரிந்தது, எல்லாம்.

அப்புறம் மேனேஜர் ஓவென்று சிரித்து இவர் தோளில் தட்டினார். பிரமாதமாக டிரெயினிங் கொடுத்திருக்கிறாயே என்றார்.

இவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இல்லை சார், இவள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள் என்று ஒரே ஒரு வரி. வாயைத் திறந்தார். "ஷி லேர்ன்ஸ் ஃபாஸ்ட்," என்றார்.

நான் சமையலறைக்குப் போனேன். பாயசம் அடுப்பின் மேல் இருந்தது. அதை வெளியே எடுத்துவரவே இல்லை. கொஞ்ச நேரத்தில் நரைத்த மீசைக்காரர் தட்டை வைக்கிற சாக்கில் உள்ளே வந்தார். பயிற்சி ஆட்டங்களில் எந்தப் பாதியைப் பார்ப்பாய் என்று என்னைக் கேட்டார். பின்பாதி என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே போனார். அவருக்கு மட்டும் ஒரு கிண்ணம் பாயசம் கொடுத்து அனுப்பினேன்.

அவர்கள் கிளம்பியதும் இவர் கேட்டார்: "என்ன மூஞ்சி அது? ஒரு கேமுக்குப் போயி இவ்ளோ டென்ஷனா?"

"வெறும் கேம்தானே? அப்ப அவங்க கொடுத்த பேர நீங்க எதுக்கு வாங்கி வச்சுக்கிட்டீங்க?"

"க்ரீன் கார்டு ப்ராசஸ் ஆகுற டைம். பொண்டாட்டி சொல்லித்தான் ஆடினேன்னு சொன்னா ஆபீஸ்ல என்ன நினைப்பாங்க?"

"உங்க பொண்டாட்டிக்கு மூளை இருக்குன்னு நினைப்பாங்க. அதுல உங்களுக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

தூங்கப் போய்விட்டார். கோப்பை யாருக்கு வேண்டும்? அந்த நாட்டில் எனக்கென்று இருந்த ஒரே வேலை அது. சம்பளம் இல்லை, அனுமதி தேவையில்லை, நானே கற்று நானே செய்த வேலை. நான்தான் செய்தேன் என்று ஒருத்தராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதையும் ஒரே வரியில் பிடுங்கிக்கொண்டார். மைதானம் முழுக்க ஓடிப் பந்தைக் கோட்டருகே கொண்டுவந்து வைத்தது நான். கடைசி முட்டு முட்டிவிட்டுக் கையைத் தூக்கிக் காட்டியது அவர்.

அடுத்த ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, இட்லி மாவைக் கையால் கலந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது. இவர் எடுத்தார். பேச்சிலிருந்து மீசைக்காரர் என்று புரிந்தது. ஆட்டத்தில் ஒருவர் ஹூஸ்டனுக்கு மாற்றலாகிப் போய்விட்டார், இடம் காலி, உன் மனைவியைக் கேள் என்கிறார். இவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"ஓ, நோ நோ. ஷி இஸ் நாட் இன்ட்ரெஸ்டட்."

மாவுக் கையோடு போய் ரிசீவரைப் பிடுங்கினேன். எனக்கு இஷ்டம்தான், எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டேன். ரிசீவரெல்லாம் மாவு. அதைத் துடைக்கவில்லை. அவரே துடைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

லாஸ் கொலினாஸுக்கு ஃப்ரீவேயில் போகும்போது குரல் தேனாக வந்தது. "எப்படியும் ரெண்டு டீமும் நம்ம வீட்டு டீம்தானே? நாம பேசி வச்சு எடுக்கலாம்ல?" நான் ஜன்னல் வழியே லாரிகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

கான்ஃபரன்ஸ் அறையில் நான் ஒருத்திதான் பெண். சீட்டுக் குலுக்கியதில் அவருக்கு அடுத்தது என் முறை. முதல் சுற்றிலேயே நாட்டிலேயே பெரிய பெயர் ஒன்று அவருக்குக் கிடைத்துவிட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். அந்த ஓட்டக்காரன் போன வருஷம் முழுக்க நொண்டி நொண்டி ஓடியவன். ஆகஸ்டுப் பயிற்சி ஆட்டங்களில் அவனை இறக்கவே இல்லை. என் முறைக்கு நானும் ஓர் ஆளை எடுத்தேன்.

சுற்றுகள் போயின. பெரிய பெயர்கள் தீர்ந்துபோன நேரத்தில் அவர் முறை வந்தது. இப்போது அவர் எடுக்க வேண்டியது, அவருடைய பெரிய ஆளுக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இரண்டாவது ஆளை. போன வருஷம் நான் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த பாடம் அதுதான். அவர் பத்திரிகையைப் புரட்டினார். அப்புறம் என்னைப் பார்த்தார். அறையே பார்க்கும்படி, கண்ணாலேயே யாரு என்று கேட்டார். என் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. மேனேஜர் அவசரப்படுத்தினார். இவர், எப்போதோ பெயர் வாங்கிய ஒரு கிழட்டு ஆட்டக்காரனைச் சொன்னார்.

என் முறை. அந்த இரண்டாவது ஆளின் பெயரைச் சொன்னேன். மீசைக்காரர் பேனாவை வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

என் கணவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அத்தனை பேர் முன்னாலும் தமிழில் கத்தினார்: "ஏய், அவன் என் ஆளோட பேக்கப்!"

"தெரியும். தண்ணி தூக்கிட்டு வர்றவன்தானே, எங்கிட்ட இருக்கட்டும்," என்றேன்.