பதினாறு வருட இசையும் இருபத்திரண்டு வாளித் தண்ணீரும்

வெள்ளிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு நேப்பிள்ஸ் கப்பல் இத்தாலியின் பலேர்மோ துறைமுகத்தை அடைந்தது. அறுபத்தையாயிரம் லீரா கொடுத்தவனுக்குக் கட்டில் கிடையாது, நாற்காலிதான். பாரிசிலிருந்து ரயிலிலும் கப்பலிலுமாக இரண்டு இரவு உட்கார்ந்தே வந்ததில் முதுகு செத்துப் போயிருந்தது. இது 1997 செப்டம்பர். நான் அந்தப் பயணம் போயிருக்கவே கூடாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பாரிசில் நான் உணவகமொன்றில் கோப்பை கழுவுகிறவன். சனி, ஞாயிறில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். மன்னாரில் கோவில் பாடகர் குழுவில் வாசித்த பழக்கம் அது. என் அக்கா மலர் பலேர்மோவில் ஒரு சிறிய இசைக்குழுவின் மண்டபத்தைத் துப்புரவு செய்கிறாள். அந்தக் குழுவின் வரலாற்றை எழுதித் தருவதாக இந்தப் பத்திரிகைக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். கோப்பை கழுவுகிறவனுக்கு வரலாற்றாசிரியன் ஆகும் ஆசை.

அக்கா துறைமுக வாசலில் நின்றாள்.

“என்னடா தம்பி, இப்பிடி மெலிஞ்சு போனாய்? பாரிசில சாப்பாடு இல்லையே?”

“சாப்பாடு இருக்கு. நேரம்தான் இல்லை.”

அவள் அறை கபோ சந்தைக்குள். துறைமுகத்திலிருந்து அரை மணி நேர நடை. வழியில் ஒரு காப்பி, ஆயிரத்து இருநூறு லீரா. அதைக் குடித்து முடிப்பதற்குள் நிலைமை முழுவதையும் சொல்லிவிட்டாள்.

“நாளைக்குப் பின்னேரம் கொன்சேர்ட்டோ. காசு குடுக்கிற ஆபிசிலயிருந்து மூண்டு பேர் கேக்க வருகினம். அவைக்குப் பிடிச்சால்தான் இவைக்கு அடுத்த வருசம் ஓடும். ஓடினால்தான் குழுவை நடத்திற சிஞ்ஞோரா எனக்கு வேலைக் கடிதம் தருவா. கடிதம் இருந்தால்தான் டிசம்பரில பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கலாம்.”

“பெர்மெஸ்ஸோ கிடைச்சால்?” என்றேன். அந்த நாட்டில் தங்கியிருப்பதற்கான அனுமதி அது.

“பிள்ளையைக் கூப்பிடலாம்,” என்றாள். அவள் மகள் மன்னாரில் கன்னியர் மடத்து விடுதியில் இருக்கிறாள். தாயும் மகளும் பிரிந்து ஐந்து வருடம்.

பிற்பகல் மூன்று மணிக்கு ஒத்திகை. வுச்சீரியா சந்தையில் மீன் தண்ணீரைத் தாண்டித் தாண்டிப் போனால், பூசை நின்றுபோன ஒரு சிற்றாலயம். அதுதான் மண்டபம். சிஞ்ஞோரா ரோசாலியாவுக்கு அறுபது வயதிருக்கும். குழுவைத் தொடங்கியவரும் ஹார்ப்சிகார்ட் வாசிப்பவரும் அவர்தான். ஹார்ப்சிகார்ட் என்பது பியானோவுக்கு மூத்த உறவு. பியானோ கம்பியை அடிக்கும், இது சுண்டும். இவர்கள் வாசிப்பது பரோக் இசை, சுமார் முந்நூறு வருடப் பழையது. அதை அந்தக் காலத்து முறையிலேயே வாசிக்க வேண்டும் என்பது இவர்கள் பிடிவாதம். வயலினில் எஃகுக் கம்பி கிடையாது, ஆட்டுக் குடலில் முறுக்கிய நரம்புதான்.

அவர் இத்தாலியனில் சொல்ல, அக்கா தமிழில் சொல்ல, நான் குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன். பதினாறு வருடங்களுக்கு முன் ஐந்து பேர் சிஞ்ஞோராவின் சாப்பாட்டு அறையில் தொடங்கியது. முதல் வருடம் முழுவதும் எந்தச் சுருதியில் வாசிப்பது என்ற சண்டையிலேயே போனது. நகரத்தில் மாஃபியாக்காரரின் குண்டு வெடித்த கோடையில் சனம் வெளியே வரப் பயந்தது. ஏழு பேருக்கு வாசித்தார்கள். அந்த ஏழில் ஒருத்தி அக்கா. வடக்கே நல்ல சம்பளம் கிடைத்து மூன்று பேர் போய்விட்டார்கள். இப்போது பன்னிரண்டு பேர். எல்லோரும் பகலில் வேறு வேலை செய்கிறவர்கள்.

ஒத்திகை தொடங்குமுன் நாற்பது நிமிடம் சுருதி சேர்த்தார்கள். நான் சிரித்துவிட்டேன். சிஞ்ஞோரா கோபிக்கவில்லை.

“குடல் நரம்புக்கு ஈரம் ஆகாதாம், தம்பி. காத்தில கொஞ்சம் ஈரம் ஏறினாலும் சுருதி ஓடிப்போயிடுமாம். மரமும் ஊதுமாம்,” என்று அக்கா சொன்னாள். அவளுக்கு அது சிஞ்ஞோராவின் வாயிலிருந்து என் காதுக்குக் கடத்திவிட வேண்டிய ஒரு வாக்கியம், அவ்வளவுதான். நான் அதை அப்படியே எழுதி, அடிக்கோடும் போட்டேன். பிறகு வாசித்தார்கள். எனக்குக் கண் கலங்கியது. அப்படியொரு மெல்லிய ஒலியை நான் என் எஃகுக் கம்பியில் ஒருநாளும் எழுப்பியதில்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மண்டபத்தைத் திறந்தோம். பலேர்மோவில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். சில வாரங்களில் அதுவும் இல்லை. அன்றைக்குத் தொட்டி நிரம்பி வழிந்தது. அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

“சிஞ்ஞோரா ஒவ்வொரு நாளும் ‘போக்கா ஆக்குவா, மலர், போக்கா ஆக்குவா’ எண்டு சொல்லிக்கொண்டே நிப்பா. கொஞ்சத் தண்ணி, கொஞ்சத் தண்ணி எண்டு. இஞ்சை தண்ணிப் பஞ்சமெல்லோ, பாவம். பிழிஞ்ச துணியால துடைச்சால் ஊத்தை போகுமே? இண்டைக்கு ஆபிசுக்காரர் வருகினம். ஊத்திக் கழுவுவம்.”

எங்கள் மாதா கோவிலில் பெருநாளுக்கு முதல் நாள் கழுவுவது போல் கழுவினோம். இருபத்திரண்டு வாளி. தூக்கியது நான். தேய்த்தது அவள். பூப்போட்ட பழைய ஓடுகள் பளிச்சென்று நிறம் காட்டின. பதினொரு மணியளவில் சிரோக்கோ வீசத் தொடங்கியது. ஆப்பிரிக்காவிலிருந்து வரும் சூட்டுக் காற்று அது. கழுவிய தரையில் தூசி படியக் கூடாதென்று அக்கா யன்னல்களையெல்லாம் இறுக்கிச் சாத்தினாள். ஹார்ப்சிகார்ட் உள்ளே நின்றது. நான்தான் கதவைப் பூட்டினேன்.

மாலை ஐந்து மணிக்கு சிஞ்ஞோரா வந்தார். தரை காய்ந்து மினுங்கியது. அக்காவின் கன்னத்தில் முத்தமிட்டார். பிறகு சுருதி சேர்க்க உட்கார்ந்தார். ஒரு கட்டையைச் சரிசெய்து அடுத்ததற்குப் போக, முந்தையது விலகியது. ஆறரைக்கும் அதே நிலை. ஏழு மணிக்கு எண்பது பேர் உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் அந்த மூன்று பேர்.

முதல் உருப்படி எப்படியோ கரை சேர்ந்தது. இரண்டாவதில் வயலின்கள் ஒரு பக்கமும் ஹார்ப்சிகார்ட் ஒரு பக்கமுமாகப் போயின. நிறுத்தினார்கள், சுருதி சேர்த்தார்கள், தொடங்கினார்கள், மறுபடியும் நிறுத்தினார்கள். மூன்றாம் முறை முதல் வயலினின் மேல் நரம்பு பட்டென்று அறுந்தது. நான் தலை குனிந்தேன். ஓடுகளின் இடுக்குகள் இன்னும் கறுத்து ஈரமாக இருந்தன. அடிக்கோடு போட்ட வாக்கியம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. ஓடவில்லை. உட்கார்ந்து அந்தக் கொடுமையைக் கடைசி வரை கேட்டேன். முன்வரிசைக்காரர்களில் இருவர் இடைவேளையில் எழுந்து போனார்கள்.

ஞாயிறு பகல் ஒரு மணிக்கு சிஞ்ஞோரா அக்காவின் அறைக்கு வந்தார். நாற்காலியில் உட்காரவும் இல்லை. அடுத்த வருடம் காசு இல்லை, டிசம்பருக்கு முன் குழுவைக் கலைத்துவிடுவார்கள், கடிதம் தர முடியாது, மன்னித்துக்கொள் என்றார். பதினாறு வருடம் ஒரு நிமிடத்தில் முடிந்தது. என்ன நடந்ததென்று அக்கா கேட்க, அவர் யன்னல் பக்கம் கையை வீசினார். சிரோக்கோ! அந்த ஊரில் எது பிழைத்தாலும் பழி அதற்குத்தான்.

நான் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் அவர்களுக்குக் காசு திரும்பி வந்திருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது கோழையின் கணக்கு.

மாலை ஏழரைக்குத் துறைமுகம். நேப்பிள்ஸ் கப்பல் எட்டு மணிக்கு. அக்கா ரொட்டியும் கத்தரிக்காய்ப் பொரியலும் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். அழுத முகம், கழுவியும் தெரிந்தது.

“வேறை சிஞ்ஞோரா ஒராளைப் பாப்பம். பிள்ளைக்கு இப்ப ஒண்டும் எழுதேல்லை.”

நான் தலையாட்டினேன்.

“சிஞ்ஞோராவின்ரை கதையைக் கட்டாயம் எழுது, தம்பி. எழுதினால் எனக்கும் ஒண்டு அனுப்பு. என்ரை பேரையும் போடு.” படிக்கட்டைத் தூக்கப் போகிறார்கள் என்று மணி அடித்தது. அவள் என் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தாள். “தரை என்ன மாதிரி மினுங்கினது, பாத்தனியெல்லோ? ஆபிசுக்கார மனிசி குனிஞ்சு பாத்து, கே பெல்லோ, என்ன வடிவு எண்டு சொன்னவ. அதையும் மறக்காமல் எழுது.”

எழுதிவிட்டேன், அக்கா. வாளி தூக்கியது நான். ஈரம் ஆகாதென்று எழுதி வைத்திருந்தவனும் நான்தான்.