மரத் தொன்னும் கப்பல் தொன்னும்

கணவர் மௌத்தாகி ஐந்தாவது வாரம். கணவனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தாவில் இருந்தேன். நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே போவதில்லை. அந்நிய ஆண்கள் முன்னால் வருவதில்லை. சாய்ந்தமருதில் எங்கள் வீடு இருக்கும் ஒழுங்கையில் ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர்தான் தெரியும். கடற்கரை நடந்துபோகிற தூரம். நான் கடலைப் பார்த்து ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது.

நான் கணித ஆசிரியை. பாடசாலையில் லீவு தந்திருந்தார்கள். முதல் இரண்டு வாரமும் வீடு நிறைய ஆட்கள். பிறகு ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். மகள் காலையில் பள்ளிக்கூடம் போனால் இரண்டு மணி வரை நானும் மின்விசிறியும்தான். அழுகையை விட மூச்சுமுட்டல்தான் அதிகம். அதை வெளியே சொன்னால் புருஷன் போன கவலை இவளுக்கு இல்லையென்று நினைப்பார்களோ என்று பேசாமல் இருந்தேன்.

ஒரு நாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு என் காக்கா, மூத்த சகோதரர், வந்தார். என் கணவர் கல்முனையில் மரம் விற்கும் ஒரு மரக்காலையில் வேலை செய்தவர். வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும் மரக்குற்றிகளுக்கான கடிதங்கள், அளவுக் கணக்குகள் எல்லாம் அவர் பொறுப்பு. அவருடைய லெப்டொப்பில் பழைய பட்டியல் ஒன்று இருக்கிறதாம், முதலாளி கேட்கிறாராம் என்றார் காக்கா. கூடவே, அவருக்குப் பதிலாக மரக்காலையில் யாரோ எழுதிய புதிய கடிதத்தையும் போனில் காட்டினார். அதே மாதிரிதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம்.

பார்த்தேன். விற்பவர் நூற்றைம்பது தொன் மரம் என்று எழுதியிருந்தார். மரக்காலைக் கடிதமும் கப்பல் முகவரிடம் நூற்றைம்பது தொன் இடம் கேட்டிருந்தது. கணவரின் பழைய கடிதங்களைத் திறந்தேன். எதிலும் மரத்தின் தொன்னும் கப்பலில் கேட்ட தொன்னும் ஒரே எண்ணாக இல்லை.

அன்றிரவு முழுவதும் அவருடைய அளவுக் கணக்குகளோடுதான் இருந்தேன். காட்டில் குற்றியை அளப்பவர்கள் நூலால் சுற்றளவு எடுத்து, அந்த நூலை நான்காக மடித்து, அந்தக் கால்வாசியை ஒரு சதுரத்தின் பக்கமாக வைத்து, அந்தச் சதுரத்தை மரத்தின் நீளத்தால் பெருக்குகிறார்கள். உருண்டையான மரத்தைச் சதுரமாக எண்ணுவதால் உண்மையான கன அளவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கணக்கில் வராமல் போகிறது. அப்படி அளந்த ஐம்பது கன அடி அவர்களுக்கு ஒரு தொன். கப்பல்காரருக்கோ நாற்பது கன அடி இடம் ஒரு தொன். அது உண்மையான கன அடி. போட்டுப் பார்த்தேன். ஒரு மரத் தொன்னுக்குக் கப்பலில் ஒன்றரைத் தொன்னுக்கும் மேல் வேண்டும். நூற்றைம்பதுக்கு இருநூற்று முப்பத்தொன்பது. அவர் கேட்டிருந்த இடம் இந்தக் கணக்கை விடவும் கொஞ்சம் கூடுதல்; ஏதோ பத்திரத்துக்குச் சேர்த்திருப்பார் என்று விட்டுவிட்டேன்.

முதலாளிக்குக் காக்காவிடம் சொல்லியனுப்பினேன். தொன் என்றால் தொன்தானே என்று பதில் வந்தது. விளக்கமாக எழுதிக் கொடுத்தேன். காக்கா அதைக் கொண்டுபோய்ச் சொன்னதில் பாதி மாறிப்போயிருந்தது. மூன்றாவது நாள், முதலாளியை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், கதவுக்குப் பின்னால் நின்று நானே கதைக்கிறேன் என்றேன். காக்காவுக்கு விருப்பமில்லை. ஆனாலும் கூட்டி வந்தார்.

முதலாளி ஹோலில் உட்கார்ந்தார். நான் அறைக்கதவின் பின்னால் கணக்கு எழுதிய கொப்பியோடு நின்றேன்.

"தங்கச்சி, கப்பலுக்கு வேற தொன், மரத்துக்கு வேற தொன் எண்டு நான் கேள்விப்பட்டதில்ல. அவர் ஒரு நாளும் சொன்னதில்லயே."

"அவர் சொல்லல்ல. மாத்தித்தான் எழுதியிரிக்கார். பழைய கடிதங்களக் காக்காட போனுக்கு அனுப்பியிரிக்கன், பாருங்க."

காக்காவின் போனை வாங்கிப் பார்த்திருப்பார். பிறகு, "ஓம், சரிதான்" என்றார். அந்த ஐந்து வாரத்தில் நான் சொன்ன ஒன்றுக்கு யாராவது சரி என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

இருநூற்று முப்பத்தொன்பது தொன்னுக்கே இடம் கேட்டார்கள். அதுவும் போதவில்லை. குற்றிகளை அடுக்கும்போது இடையில் விழும் வெற்றிடத்தை நான் சேர்க்கவில்லை. கணவரின் எண்கள் என்னுடையதை விட ஏன் பெரிதாக இருந்தன என்று அப்போதுதான் விளங்கியது. ஏற்ற முடியாத குற்றிகள் அடுத்த கப்பலில் வந்தன. கொப்பியை எடுத்துக் கணக்கைத் திருத்தி எழுதினேன். முதலாளி கோபிக்கவில்லை. இத்தா முடிந்ததும், பாடசாலை நேரம் முடிந்த பிறகு என்னால் வீட்டிலிருந்தே அந்தக் கணக்குகளைச் செய்து தர முடியுமா என்று காக்காவிடம் கேட்டிருக்கிறார். தேவையில்லை, அவளுக்கு அரசாங்க உத்தியோகம் இருக்கிறது என்று காக்கா சொல்லிவிட்டார். ஒரு வாரம் கழித்துப் பேச்சோடு பேச்சாகத்தான் எனக்குத் தெரிய வந்தது.

"என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிரிக்கலாமே, காக்கா."

"இந்த நேரத்தில ஒனக்கு என்னத்துக்குப் புள்ள அதெல்லாம்? கொஞ்சம் ஓய்வா இரி."

என்னைப் பாரம் தாங்கவிடக் கூடாது என்றுதான் அவர் நினைத்தார். அது எனக்குத் தெரியும். தெரிந்தபடியால் கோபப்படவும் முடியவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இத்தா முடிய இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது.

இத்தா முடிந்த மறு வாரம் மகளின் போனிலிருந்து முதலாளிக்கு நானே கோல் எடுத்தேன். ஒரு பொடியனை வேலைக்குச் சேர்த்துவிட்டதாகச் சொன்னார். குரலில் சங்கடம் இருந்தது. வெற்றிடத்தையும் சேர்க்கச் சொல்லிக் கொடுங்கள் என்றேன். அதையெல்லாம் அவன் படித்துவிட்டான் என்றார். லீவு முடிந்து, திங்கட்கிழமை ஏழரைக்கு முன்பே பாடசாலைக்குப் போய் வரவுப் புத்தகத்தில் கையெழுத்து வைத்தேன்.